அம்மா ஓரம் அடித்த வீடு

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அம்மா கையில் பிடித்திருப்பது விசிறி இல்லை. சுவர்ச் சந்தை அடைக்க லப்பம் தேய்க்கும் தகடு. பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, அண்ணன் கல்யாணத்தில் எடுத்த அருமையான படம் இருக்கும்போது இதைப் போய் யாராவது அட்டையில் போடுவார்களா என்று சித்தி கோபித்துக்கொண்டார். கோபத்திலும் நியாயம் உண்டு. மூக்கின் மேல் வெள்ளைப் பொடி, தலையில் கட்டிய பழைய துண்டு, வாய் கொள்ளாத சிரிப்பு. ஆனால் இந்தப் படத்தை எடுத்தவரும் அப்பா, இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் அப்பா. அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இன்று, மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் ‘இதென்ன கோலம்’ என்று கேட்கத்தான் போகிறீர்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்ல என்னால் ஆகாது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அம்மா ஐயம்பேட்டையில், நெசவுக் குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, அம்மாவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. வீட்டில் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துத்தான் தம்பியையும் தங்கையையும் பள்ளிக்கு அனுப்பினார். அந்த நாட்களைப் பற்றி யாராவது உருக்கமாகப் பேச ஆரம்பித்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. “அழுதுக்கினே சுத்துனா நூலு ஈரமாயிடும். அதனால அழுவல, அவ்ளோதான்” என்பார். பிறகு பிள்ளையார்பாளையத்தில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். இரண்டு தறி, ஒரு அடுப்பு, எந்நேரமும் ஆட்கள். அந்த வீட்டில் அம்மாவுக்கென்று இருந்தது ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருந்த இடம் மட்டும்தான்.

அந்த இடத்தில் உட்கார்ந்து அம்மா சேலைகளுக்கு ஃபால்ஸ் வைத்தார், ஓரம் அடித்தார், ஜாக்கெட் தைத்தார். இந்த மலரைப் படிக்கும் பெண்களில் பாதிப் பேரின் கல்யாணச் சேலைக்கு அம்மாதான் ஃபால்ஸ் வைத்திருப்பார். வைத்த இடம் தெரியக் கூடாது, சேலை சுருங்கக் கூடாது, கொசுவம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஓரம் சரியாக இல்லாத எதையும் அம்மாவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சாப்பிடப் போன வீட்டில் மேசைவிரிப்பு கோணலாக இருந்தால் அதை இழுத்துச் சரி செய்துவிட்டுத்தான் இலையில் கை வைப்பார்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி, குழந்தைகள் பிறந்து, அண்ணனும் அண்ணியும் தறியில் உட்கார்ந்த பிறகு பழைய வீட்டில் கால் வைக்க இடமில்லை. தனக்கென்று ஒரு வீடு வேண்டும், அதில் தானும் அப்பாவும் கடைசிக் காலத்தில் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. செவிலிமேட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு நல்ல நாள் கிடைத்துவிட்டது, ஆனால் வீடு தயாராகவில்லை. பால் காய்ச்சிவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நடக்கவில்லை. தச்சு வேலை செய்துகொண்டிருந்த டேவிட் அண்ணன் கதவுகளை மாட்டிய கையோடு சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் வேலைக்குப் போய்விட்டார். நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. ஜன்னலைச் சுற்றிலும் அப்படியே. தரையோரமும் கூரையோரமும் பூச்சு பிய்ந்த வாய் போல இருந்தன. இந்தச் சந்துகளை எல்லாம் மறைக்க அடிக்கும் மெல்லிய மரப்பட்டைக்குத்தான் பீடிங் என்று பெயர். வந்து அடித்துத் தருகிறேன் என்று டேவிட் அண்ணன் சொன்னது உண்மை. எப்போது என்றுதான் சொல்லவில்லை.

பால் காய்ச்சிய அன்றே அப்பா எல்லா அறையையும் சுற்றி வந்து, எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“ஓரம் முடியாத சேலைய யாருனா கட்டுவாங்களா? வேலை முடியட்டும். அப்பறம் வரேன்.”

அம்மா சிரித்துக்கொண்டே, “சரி, ஒரு வாரம் பொறுத்துக்கினு வாங்க” என்றார்.

அந்த ஒரு வாரம் ஓராண்டுக்கு மேல் நீண்டது. அம்மாவும் நானும் செவிலிமேட்டில், அப்பா பிள்ளையார்பாளையத்தில். அம்மா காலையில் அப்பாவுக்குச் சமைத்து, தூக்குச் சட்டியோடு டவுன் பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு, மதியம் இங்கே வந்து, வேலை முடிந்து வரும் எனக்குச் சமைப்பார். சொந்தக்காரர்கள் அம்மாவை ‘ரெண்டு வூட்டுக்காரி’ என்று கேலி செய்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இந்த வயசுல அவரு ஒரு மூலையில, நான் ஒரு மூலையில. இதுக்கா வூடு கட்டுனேன்?” அப்போது அம்மா சிரிக்கவில்லை. அப்பாவுக்குப் பழைய வீட்டை விட மனசில்லை, பீடிங் ஒரு சாக்கு என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். சாக்கு இல்லாமல் செய்துவிட்டால் மனிதர் வந்துதானே ஆக வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. டேவிட் அண்ணன் வரவில்லை என்றால் தானே அடிப்பது என்று முடிவு செய்தார்.

“அம்மா, உனக்கு சுத்தியல் பிடிக்கத் தெரியுமா?” என்றேன்.

“ஓரம் அடிக்கிறதுதானேடி. துணிக்குப் பதிலா செவுரு.”

கடையிலிருந்து பீடிங் கட்டு வந்து இறங்கியது. வேலைக்கு வந்தபோது டேவிட் அண்ணன் விட்டுப்போன கைரம்பமும், மூலைக்குச் சாய்வாக வெட்ட உதவும் சின்ன மரப்பெட்டியும் இருந்தன. அம்மா போனில் அவரைப் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

“செவுத்துக்கு செவுரு அளவு எடுத்துக்கங்கம்மா. அதுல ஒரு நூலு கம்மி பண்ணி வெட்டுங்க. அப்பத்தான் உள்ள போவும்.”

“ஒரு நூலு போதுமாப்பா?”

“போதும்மா. ரெண்டு மூணு நூலு வுட்டுட்டீங்கன்னா சந்து காட்டிக் குடுத்துடும்.”

அம்மா தையல் பெட்டியைத் திறந்து ஒரு பட்டு நூலை எடுத்தார். பென்சில் கோட்டை ஒட்டி அதை இழுத்துப் பிடித்து, நூலுக்கு உட்பக்கமாக வெட்டினார். என்ன பொறுமை, என்ன நிதானம்! நெசவாளி வீட்டுப் பெண்ணிடம் ஒரு நூல் என்று சொன்னால் வேறு எதை எடுப்பார்? வெட்டிய பட்டை ஒன்றுகூடச் சுவர்களுக்கிடையே உட்காரவில்லை. தட்டி உள்ளே தள்ளினால் நடுவில் கூன் போட்டது. கூனை அமுக்கினால் ஒரு முனை துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஒன்று படீரென்று முறிந்து சாமி அலமாரியில் போய் விழுந்தது. அம்மா அளவு நாடாவைச் சந்தேகப்பட்டார், ரம்பத்தைச் சந்தேகப்பட்டார், கடைசியில் மரத்தையே சந்தேகப்பட்டார். “வெட்டி வெச்ச அப்பறம் மரம் வளருதுடி” என்று என்னிடம் தீவிரமாகச் சொன்னார். நானும் கொஞ்சம் நம்பிவிட்டேன் என்பதை இங்கே மறைப்பானேன்.

மறுபடியும் போன்.

“நூலு வுட்டு வெட்டுனீங்களாம்மா?”

“வுட்டேன்பா. பட்டு நூலேதான் வுட்டேன்.”

அந்தப் பக்கம் ஓட்டல் முழுக்கக் கேட்டிருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. “ஐயோ அம்மா! எங்க தொழில்ல நூலுன்னா ஒரு இஞ்சுல எட்டுல ஒரு பங்கும்மா!”

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. “இத மொதல்லயே சொல்லக் கூடாதாப்பா? எங்க வூட்ல நூலுன்னா நூலுதான்” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு நூல்கள் புழங்கின. ஒன்று பட்டு நூல், இன்னொன்று டேவிட் நூல்.

அடுத்தது கதவுகள். நிலையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று பட்டைகள். மூலைகளில் சாய்வாக வெட்டி ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். அம்மா வீட்டில் உள்ள அத்தனை கதவுகளுக்கும் இடப்பக்கப் பட்டைகளை ஒரே மூச்சில் வெட்டி அடுக்கினார். நான் வேலை முடிந்து வந்து ஒன்றை எடுத்து நிலையில் வைத்துப் பார்த்தேன். சாய்வு எதிர்ப்பக்கம் போயிருந்தது. இன்னொன்றை வைத்தேன், அதுவும் அப்படியே. ஜாக்கெட் தைப்பவர்கள் துணியின் பின்பக்கத்தில்தான் சாக்பீஸால் கோடு போடுவார்கள். அம்மாவும் பழக்க தோஷத்தில் மரத்தைக் குப்புறப் போட்டுக் கோடு கிழித்து வெட்டியிருக்கிறார். திருப்பினால் இடது எல்லாம் வலதாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா ஒரு பட்டையை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப இன்னா, மிச்சத்தையும் தப்பாவே வெட்டிடலாம். சரியாப் பூடும்.”

மிச்சத்தையும் தப்பாகவே வெட்டினார். சரியாகப் போய்விட்டது. அலுவலகத்தில் ஏதாவது குளறுபடி ஆகி எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது இதை நினைத்துக்கொண்டு நான் சிரிப்பேன். ஏன் சிரிக்கிறேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சுவர்கள் தனிக் கதை. பார்வைக்கு நேராக நிற்கும் சுவர், ஒரு நீளப் பட்டையை அதன்மேல் வைத்ததும் தன் குட்டை உடைத்துக்கொள்ளும். எங்கள் ஹால் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. மூலைகளில் ஒன்றுகூட மூலைமட்டத்துக்கு ஒத்துவரவில்லை. அம்மா இங்கே தன் பழைய தொழிலைக் காட்டினார். சேலை ஓரம் கொஞ்சம் அலைந்தால் ஃபால்ஸையும் அதற்கேற்ப விட்டுக்கொடுத்துத் தைப்பது போல, பட்டையை நடுவில் முதலில் ஆணி அடித்து நிறுத்தி, இரண்டு பக்கமும் கையால் அழுத்திக்கொண்டே சுவர் போகிற போக்கில் கொண்டுபோனார். ஒட்டாத இடத்தில் லப்பம். “செவுரு கோணினா நாமளும் கொஞ்சம் கோணிக்கணும். மேல பெயின்ட் அடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது” என்பார். ஐப்பசி மழையில் பீடிங் எல்லாம் ஊறிக்கொண்டு, குளியலறைக் கதவு உள்ளே இறுகி, நான் உள்ளே, கம்பெனி பஸ் வெளியே என்று ஒரு காலைப் பொழுது போனது. அம்மா வெளியிலிருந்து இழைப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார், நான் உள்ளிருந்து மேனேஜருக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். காரணம் என்று அதில் எழுதியதை மேனேஜர் இன்றுவரை நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். காபி குடித்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆய்வு தொடங்கும். வாழ்நாள் முழுக்க, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த ஒற்றை இழையைத் தேடிப் பிடித்த கண். அதற்குத் தப்புமா எதுவும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை டேவிட் அண்ணனும் விடுமுறையில் வந்திருந்தார். அம்மாவின் வேலையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார். அப்பா ஜன்னல் மூலையைக் காட்டினார்.

“இங்க ஒரு நூலு தள்ளிப் போயிருக்குது பாரு.”

டேவிட் அண்ணன் குனிந்து பார்த்தார். “ஒரு நூலெல்லாம் இல்லீங்க ஐயா. அர நூலுகூட வராது.”

“அர நூலா? நூல எப்பிடிப்பா பாதியாக்குவே?”

“ஆக்கலாம் ஐயா. கால் நூலே இருக்குது.”

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னா தொழிலோ” என்று காபி டம்ளரை எடுக்கப் போய்விட்டார். நானும் அம்மாவும் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம். இரண்டு நூல் இருக்கிற விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு விசாரணை நடந்திருக்கும்.

இப்படியே ஒவ்வொரு குறையாகத் தீர்ந்து, கடைசியில் அப்பாவுக்கென்று ஒதுக்கிய அறையில் கூரையோரம் மட்டும் பாக்கி நின்றது. அந்தப் பட்டையில் மாங்காய்க் கொடி போல ஒரு வேலைப்பாடு. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அம்மா தேடி எடுத்தது. தூண் பிதுங்கிய மூலையில் ஒரு பட்டை முறிந்துபோக, ஒரு சாண் நீளத்துக்குக் குறைந்தது. கடையில் கேட்டால், அந்த டிசைன் இப்போது வருவதில்லை என்றார்கள். ஊரில் உள்ள எல்லாக் கடைகளிலும் அதே பதில். அம்மா அந்த ஒரு சாணை அப்படியே விட்டு, மற்றதை அடித்து முடித்துப் பெயின்டும் அடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். ஹால், அடுக்களை, குளியலறை, எதிலும் குறை சொல்லவில்லை. தன் அறைக்குப் போய் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்த மூலையில ஒரு சாண் இல்ல.”

“அந்த டிசைனு கடையில வர்றதில்லையாங்க.”

“அப்ப வேல முடியலன்னு சொல்லு.”

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். சுத்தியல் மடியில் இருந்தது. ஓராண்டுக்கு மேல் மரத்தோடும் சுவரோடும் மல்லுக்கட்டியபோது ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளாதவர் முகம் அன்று வாடிப்போனது. எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று நானே பயந்து வாசலுக்கு நகர்ந்தேன். அம்மாவின் குரல் அமைதியாக வந்தது.

“ஏங்க, சேல நெய்ஞ்சு முடிச்சு அறுக்கறீங்களே, எப்பனா பாவு நூல முழுசா உருவிட்டுத் தறிய மொட்டையா வுட்டிருக்கீங்களா?”

“அது எப்பிடி வுடுவேன்? பழைய பாவுல நுனி வுட்டுத்தான் அறுக்கணும்.”

“எதுக்கு?”

“இது இன்னா கேள்வி. அடுத்த பாவ அதுலதானே பிணைக்கணும்? நுனி இல்லன்னா மொதல்லேர்ந்து ஒவ்வொரு இழையா கோத்துக்கினு கெடக்கணும்.”

“அந்த மாதிரிதாங்க இதுவும். நுனி வுட்டு வெச்சிருக்கேன். இனிமே இந்த வூட்ல நாம இன்னா செய்யணுமோ, இங்கேர்ந்து பிணைச்சுக்கலாம். எல்லாத்தையும் முடிச்சுட்டா அப்பறம் நமக்கு இங்க இன்னா வேல இருக்குது?”

அப்பா மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. அப்பா தலையணையும் ரேடியோவும் ஒரு துணிப் பையுமாக இறங்கினார். “புள்ளார்பாளையத்துல கரன்ட் இல்ல. புழுக்கமா இருக்குது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பஸ்ஸில் ஏறியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். கரன்ட் இருந்தது. விசைத்தறி கணக்காக ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றார். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து மூன்று பொங்கல் வைத்தார்கள். அப்பா காலையில் டவுன் பஸ்ஸில் தறிக்குப் போய் அண்ணனுக்குக் கூடமாட உதவி செய்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவார். அம்மாவின் கைவேலை தெருவில் பரவி, பக்கத்து வீட்டுச் சாமி அலமாரிக்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் பீடிங் அடித்துக் கொடுத்தார். நீளப் பட்டையின் மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டு நிற்பார். தூக்குங்க, இறக்குங்க, ஆட்டாதீங்க என்று அம்மா அவரை அதட்டுவதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். எங்களுக்குத் தெரிந்து அப்பா யாரிடமும் அப்படித் திட்டு வாங்கியதில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் இல்லை. அப்படி ஒரு நாளில் எடுத்ததுதான் அட்டையில் இருக்கும் படம்.

போன ஆண்டு அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மருந்து கொடுக்க வந்த நர்ஸ் பெண்ணிடம், “அந்தக் கதவு ஓரத்த யாரும்மா அடிச்சாங்க? ஒரு நூலு தூக்கிக்கினு இருக்குது” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அர நூலுதான்” என்றார். அம்மா சிரித்தார். இரண்டு நாள் கழித்து, விடிகிற வேளையில், அப்பாவின் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். வலி இல்லாமல் போனார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னீர்கள். உண்மைதான். ஆனாலும் எங்களுக்கு வலிக்கிறது. ஓராண்டாகியும் குறையவில்லை.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியக் கூடாது. இரவு பகல் பார்க்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும் நர்ஸ் பெண்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் தங்கள் அடுப்பில் எங்களுக்கும் சேர்த்து உலை வைத்த செவிலிமேட்டு அக்கம்பக்கத்தாருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்களுக்கும், ஐயம்பேட்டை மாமாவுக்கும் சித்திக்கும், எல்லாச் சுமையையும் தோளில் வாங்கிக்கொண்ட அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி. செய்தி கேட்டதும் சென்னையிலிருந்து ஓடிவந்து, பெற்ற தாய்க்கு அழுவது போல வாசலில் நின்று அழுத டேவிட் அண்ணனுக்குத் தனியாக நன்றி.

காரியம் முடிந்த அன்று, அம்மா இல்லாத வீட்டில் இருக்க வேண்டாம், பழைய வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று அண்ணன் அப்பாவை அழைத்தார். எனக்கும் அது சரி என்றே பட்டது. “தறிக்கு வரேன்பா. ராத்திரி தங்கறதுக்குல்லாம் கூப்பிடாத” என்று சொல்லிவிட்டார். இந்த மலர் அச்சுக்குப் போகும் முன், உங்கள் பெயரில் நாலு வார்த்தை எழுத வேண்டும், என்ன எழுதட்டும் என்று அவரிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். மேடைப் பேச்சு மாதிரி ஏதோ வரப்போகிறது என்று பேனாவோடு காத்திருந்தேன்.

“வந்தவங்களுக்கெல்லாம் நன்றின்னு போடு. வராதவங்கள ஒரு தடவ வந்து உங்கம்மா செஞ்சத பாத்துட்டுப் போவச் சொல்லு. எப்ப வேணா வரட்டும். நான் வூட்லதான் இருப்பேன்.”